நெல் தளத்தில் ஒரு பலே

மச்சாள் கொழும்பிலிருந்து வந்திறங்கிய அன்று நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீர் அவர் கையிலேயே ஆறிப்போனது. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. இரணைமடுக் குளத்து வாய்க்காலுக்குக் கீழே எங்களுக்கு வயல் இருக்கிறது. வளவின் பின்வேலியைத் தாண்டினால் வரம்பு. கார்த்திகை மாதம். களை பிடுங்க வந்த பெண்கள் மத்தியானச் சாப்பாட்டுக்காக வயலை விட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் வரை சேறு. மச்சாள் கோப்பையைப் பிடித்தபடி வரம்பில் நின்று அவர்களுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கதை கொடுக்கவில்லை. அந்தப் பெண்களுக்கு வெட்கமாகிவிட்டது. அவர்களில் ஒருவர் என்னருகே வந்து, "உங்க மச்சாளுக்கு என்னங்க, மோதிரம் கீதிரம் சேத்துல விழுந்திருச்சா?" என்று காதோடு கேட்டார். எனக்கும் அதைவிட நல்ல விளக்கம் ஒன்றும் அப்போது தோன்றவில்லை.

மச்சாளுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கலியாணம் கட்டவில்லை. கொழும்பில் ஒரு பலே குழுவில் இருபது வருடம் ஆடியவர். இருபது வருடமும் பின்வரிசையில். முழங்கால் நோவு வந்து, இனி மேடை சரிவராது என்று வைத்தியர் சொன்னதும், தம்பியின் வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு விருந்தாளி என்றால் மூன்று நாள்தான் முகம் சிரிக்கும். நாலாம் நாள் தேங்காயும் திருவலையும் கையில் கொடுத்துவிடுவேன். மச்சாளோ நாலாம் நாள் எனக்கு வேலை சொன்னார். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக். சங்கத்துக்கு நெல் காயப்போடுகிற பெரிய சீமெந்துத் தளம் ஒன்று உண்டு. அதன் கேற்றுத் திறப்பு என்னிடம் இருப்பதை எப்படியோ அறிந்துகொண்டு, "பின்னேரங்களில எனக்கு அந்தத் தளம் வேணும். நீரும் வாரும். களைக்கு வாற பெண்டுகளையும் கூப்பிடும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "ஆடத்தான்" என்றார், கடைக்குப் போய் உப்பு வாங்கத்தான் என்பது போல.

பலேயை நான் தொலைக்காட்சியில்தான் கண்டிருந்தேன். மெலிந்த வெள்ளைக்காரப் பெண்கள் நுனிக்காலில் நிற்பார்கள், ஆண்கள் அவர்களைத் தூக்கித் தூக்கி வைப்பார்கள். அதற்கும் எங்கள் வட்டக்கச்சிப் பக்கத்து வெய்யிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டபோது, மச்சாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு முழு மத்தியானம் விளங்கப்படுத்தினார். அது அரண்மனைகளில் தொடங்கிய ஆட்டமாம். ராசாக்கள் வணங்குவதும் திரும்புவதும் நடப்பதும்தான் அதன் முதல் அடிகள். பிறகு அது நாடு நாடாகப் போனது. போன இடமெல்லாம் முதலில் அப்படியே பார்த்து ஆடினார்கள். கொஞ்சக் காலத்தில் அந்தந்தச் சனத்தின் உடம்பு அதற்குள் புகுந்தது. பனி விழும் நாட்டில் பாய்ச்சல் பெரிதானது. கரும்பு வெட்டுகிற ஒரு தீவில் இடுப்பு இளகியது. எங்கள் தீவின் தெற்கிலும் கண்டிய நடனத்தின் தோளும் கரையோர முகமூடி ஆட்டத்தின் துள்ளலும் கலந்து, சிங்களச் சனம் தங்களுடையது என்று சொல்லத்தக்க ஒரு பலே உருவானது. அதைப் பின்வரிசையில் நின்றே பார்த்தவர் மச்சாள். "ஒருத்தரும் கூட்டம் வைச்சுத் தீர்மானிக்கேல்லை. உடம்பு எந்த இடத்தில மாட்டன் எண்டு நிக்குதோ, அந்த இடத்திலதான் புதுசு தொடங்கிறது" என்றார்.

கொழும்புக் குழுவில் அவரிடம், "உங்களுக்குத்தான் பரதநாட்டியம் இருக்கிறதே, இதில் உங்களுக்கு என்ன வேலை?" என்று சிரித்துச் சிரித்துக் கேட்டிருக்கிறார்கள். ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்களும் அதையே சிரிக்காமல் கேட்பார்கள். மச்சாளுக்குப் பரதத்தில் ஒரு குறையும் இல்லை. சின்ன வயதில் பயின்றவர்தான். "அது பெரிய கலை, நான் கும்பிடுறன். ஆனா வயலுக்க இறங்கின கால் ஒண்டை அதில நான் காணேல்லை. எங்கட காலாலயும் ஒரு பலே செய்யலாம். ஒரேயொருக்கா எங்கட சனம் இருந்து பாத்து, இது எங்கட ஆட்டம் எண்டு சொன்னாக் காணும். வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்" என்றார். அப்படிச் சொல்லும்போது அவருடைய குரல் கெஞ்சியது. யாரைக் கெஞ்சுகிறார் என்று தெரியாமல் நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

ஏழு பெண்கள் சேர்ந்தோம். முதல் ஒன்றரை மாதம் வெறும் கூத்து. தளத்தின் சீமெந்தில் வரிசையாக நின்று, காலை நீட்டி, விரல்களைக் கூராக்கிப் பாதத்தை வளைக்கவேண்டும். வளைகிற பாதங்களா எங்களுடையவை? எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நான் அப்படியே குந்திவிட்டேன். ஒருத்தி சிரித்து, மற்றவள் சிரித்து, கடைசியில் ஏழு பேரும் தளத்தில் உருண்டோம். வயல் செய்பவர்களின் சங்கமான கமக்காரர் அமைப்பின் தலைவர் ஐயா சைக்கிளில் அந்தப் பக்கம் போனவர், இறங்கி நின்று, "நெல்லுக் காயப்போடக் கட்டின தளம் பிள்ளையள். காலைத் தூக்கி ஆடவே கட்டினது?" என்று கேட்டுவிட்டுப் போனார். மச்சாள் கோபிக்கவில்லை. வந்த நாளில் வரம்பில் நின்றது போலவே எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் காலை அவர் தானே வயலுக்குள் இறங்கினார். நான் மறிக்க மறிக்க இறங்கி, நாலாவது அடியில் சேற்றில் தொப்பென்று இருந்துவிட்டார். நாங்கள் பதறிக்கொண்டு ஓடினால், அவர் இருந்த இடத்திலிருந்தே சிரித்துக்கொண்டு, வந்த நாளில் என் காதுக்குள் கேட்ட அந்தப் பெண்ணைக் காட்டி, "அவாவை நடக்கச் சொல்லும். மெல்லமா" என்றார். வாய்க்கால் கரையில் குடியிருந்ததால் அவரை எல்லோரும் வாய்க்கால்கரை அக்கா என்றுதான் சொல்வோம். கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வந்த குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தும் அவருடைய பேச்சு தாய் தகப்பனின் பேச்சாகவே இருந்தது. அவர் நடந்தார். சேற்றில் காலைத் தட்டையாக இழுத்தால் சேறு விடாது. முதலில் குதி எழும்பவேண்டும், பிறகு உள்ளங்கால், கடைசியாகப் பெருவிரல். விரல் வெளியே வருகிற அந்தக் கணத்தில் பாதம் முழுவதும் கூராகக் கீழே நீண்டு நின்றது. சீமெந்தில் ஒன்றரை மாதமாக எங்களால் முடியாத அதே வளைவு. இவ்வளவு காலமும் நாங்கள் எல்லோரும் ஒரு நாளைக்கு ஆயிரம் தரம் அதைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறோம்.

"கண்டீரோ? பரதத்தில கால் நிலத்தைத் தட்டும். பலேயில நிலத்தை விட்டுட்டுப் போகும். எங்களை நிலம் பிடிச்சு வைச்சிருக்கு. கேட்டுத்தான் காலை எடுக்கவேணும்" என்றார் மச்சாள். அன்றிலிருந்து சீமெந்தில் சேறு இருப்பதாக நினைத்து நடக்கவேண்டும் என்பது சட்டமாயிற்று. குதி முதலில், விரல் கடைசியில். வைக்கும்போது விரல் முதலில் நிலத்தைத் தேடவேண்டும். அந்த நடை வயலில் மட்டும் பழகியதல்ல என்று வாய்க்கால்கரை அக்கா ஒரு பின்னேரம் சொன்னார். யுத்தத்தின் அந்தக் கடைசி மாதங்களில், மழையில், பிள்ளையையும் மூட்டையையும் சுமந்துகொண்டு நடந்ததைச் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் விளங்கியது. எழும்பி மீண்டும் நடந்தோம்.

இனி என்னைப் பற்றி ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லவேண்டும். முன்னுக்கு நிற்பது நான்தான் என்று நானாகவே நினைத்திருந்தேன். தளத்தின் திறப்பு என்னுடையது, மச்சாள் என் வீட்டில், நான் படித்தவள் வேறு. மச்சாள் வாய்க்கால்கரை அக்காவை முன்னுக்கு நிறுத்தியபோது எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "கூலிக்கு வாறவாவை முன்னால விட்டா ஊர்ச்சனம் கதைக்கும் மச்சாள்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. "நான் இருபது வருஷம் பின்னுக்கு நிண்டனான். ஆர் எவடத்தில நிக்கிறது எண்டதை அங்க கால் தீர்மானிக்கேல்லை. இங்கயாவது கால் தீர்மானிக்கட்டும்" என்றார், தலையை வாரிக்கொண்டே. அடுத்த நாள் முன்வரிசையின் நடுவை விட்டு ஓரத்துக்குப் போனேன். போன பிறகுதான் வாய்க்கால்கரை அக்காவின் கால்களை ஒழுங்காகப் பார்த்தேன், மச்சாள் சொன்னது சரி என்று தெரிந்தது.

அதன்பிறகு ஆட்டம் தானாக வளர்ந்தது. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து கூத்துக்கு மத்தளம் அடிக்கிற அண்ணர் ஒருவர் சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வந்தார். கூத்தில் வட்டமாகச் சுற்றி வருகிற அடிகள் அவருடைய மத்தளத்தோடு உள்ளே வந்தன. உடுப்பு என்ன என்று ஒரு பெரிய வாதம் நடந்தது. நான் பட்டுப் பாவாடை என்றேன். மச்சாள் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகும்போது போடுவதையே போடச் சொன்னார். பாவாடைக்கு மேலே புருஷனின் நீளக்கைச் சட்டை, தலையில் துவாய். அறுவடை வந்ததும் தளம் முழுக்க நெல் பரவிவிடும். ஆட்டம் கோயில் முற்றத்துக்கு இடம்பெயரும். சிறுபோகம் முடிந்து அடுத்த மாரி தொடங்கும்போது, உழவிலிருந்து விதைப்பு, களை, அரிவி வெட்டு வரை அரை மணித்தியால ஆட்டம் ஒன்று எங்களிடம் இருந்தது. பேச்சில்லை, பாட்டில்லை. மத்தளமும் எங்கள் கால்களும்தான்.

அந்த நேரம் பெரிய நடன விழா ஒன்றுக்கு ஆட்களைத் தெரிவு செய்ய ஒரு குழு கிளிநொச்சிக்கு வந்தது. நாங்கள் ஆடினோம். குழுவில் இருந்தவர்கள் நல்ல மனிதர்கள், கை தட்டினார்கள். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார்கள். பரதநாட்டியம், கண்டிய நடனம், கிராமிய நடனம், மேலைத்தேய நடனம், ஏனையவை என்று கட்டங்கள். ஒன்றில் புள்ளடி போடவேண்டும். மச்சாள் பேனையை ஒவ்வொரு கட்டத்தின் மேலும் கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுத்தார். "கிராமிய நடனம் எண்டு போடுங்கோவன் மச்சாள், ஆர் கேக்கப்போகினம்" என்றேன். குழுத் தலைவி பொறுமையாக, "ஏனையவையில் போடலாமே" என்றார். "ஏனையவை எண்டு போட நாங்கள் என்ன மிஞ்சின சாமானே?" என்று மச்சாள் கேட்டார். பிறகு எல்லாக் கட்டங்களுக்கும் வெளியே, ஓரத்தில், ‘எங்கள் நடனம்’ என்று எழுதிக் கொடுத்தார். வகைப்படுத்த முடியாததால் ஏற்க இயலவில்லை என்று இரண்டு கிழமையில் கடிதம் வந்தது.

அதற்குப் பிறகு மச்சாள் தளத்துக்கு வரவில்லை. வெளி விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு முழங்காலுக்கு எண்ணெய் பூசியபடி இருப்பார். விழா போனதற்காக அல்ல அந்த வருத்தம். "அவையள் கேட்டதில பிழையில்லை. எங்கட எண்டு நான் ஒருத்திதானே சொல்லுறன். எங்கட சனம் இன்னும் சொல்லேல்லையே. பொங்கல் முடியத் திரும்பிப் போறன்" என்றார். என் கணவர் அதிகம் பேசாத மனிதர்; அன்று அவர் கூட, "அக்கா, போகாதை" என்றார். நான் சண்டைதான் பிடித்தேன். போவதென்றால் ஊருக்கு ஒருக்கால் ஆடிக் காட்டிவிட்டுப் போங்கள், ஒரு வருடமாக எங்கள் காலை முறித்தது சும்மாவா என்று கத்தினேன். வாய்க்கால்கரை அக்காவையும் மற்றவர்களையும் கூட்டிவந்து விறாந்தையில் இருத்தினேன். மச்சாள் அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்ற எழும்பினார். எழும்பிய கால் பிறகு தளத்துக்கும் வந்தது.

தைப்பொங்கலுக்கு மறுநாள், மாட்டுப்பொங்கல் பின்னேரம், நெல் தளத்தில் ஆடினோம். சனம் வந்தது என்னவோ உண்மைதான். பார்க்க வந்ததா, சிரிக்க வந்ததா என்று சொல்லமுடியாது. வடக்குப் பக்கத்தில் பாய் விரித்து இருந்தார்கள். வாடைக்காற்று அவர்களுடைய முதுகுப் பக்கமாக வந்து எங்கள் முகத்தில் அடித்தது. உழவு முடியும் வரை ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழாவில் இருப்பது போல, கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக இருந்தார்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மச்சாளின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த மரியாதை அவருக்கு விளங்கிவிட்டது. கொழும்புக்குப் புறப்படுகிற முகம் அது.

விதைப்பு தொடங்கியது. ஏழு பேரும் பனையோலைக் கடகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சபையைப் பார்த்து நின்று, குதி முதலில் எடுத்து, கையை விசிறி விதை எறிந்தோம். மூன்றாவது வீச்சில் ஒரு குரல் எழும்பியது. "நிப்பாட்டுங்கோ! பிள்ளையள், வாடைக்கு மூஞ்சியைக் குடுத்துக்கொண்டு ஆர் விதைக்கிறது? எறியிற நெல்லு முழுக்க உங்கட வாய்க்குள்ளயெல்லோ போகும்!" பார்த்தால் கமக்காரர் அமைப்பின் தலைவர் ஐயா. பாயிலிருந்து எழும்பி நின்று கையை ஆட்டுகிறார். மத்தளம் நின்றது. சனம் கொல்லென்று சிரித்தது. எனக்குத் தளம் பிளந்து விழுங்கினால் நல்லது போல இருந்தது. அதற்குள் பின்னாலிருந்து இன்னொருவர், "விதைக்கிற மாசம் வாடை எங்கால ஐயா? கச்சான் காத்து ஓய்ஞ்ச கையோடயெல்லோ விதைப்பு" என்றார். "இப்ப அடிக்கிற காத்தைப் பாத்துத்தானே இப்ப எறியவேணும்" என்றார் தலைவர். "காத்தை விடுங்கோ, ஓரத்தில நிக்கிற கிளாக்கம்மா கடகத்தை வலப்பக்கம் வைச்சிருக்கிறா, எறியிற கையால எப்பிடி அள்ளுறது?" என்று ஒரு பெண் குரல். ஓரத்தில் நின்ற கிளாக்கம்மா நான்தான். புழுதி விதைப்பா சேற்று விதைப்பா என்று முதலில் சொல்லச் சொல்லி ஒரு கூட்டம் எழும்பியது. ஐந்து நிமிடத்தில் பாயில் ஒருவரும் இருக்கவில்லை.

வாய்க்கால்கரை அக்கா மட்டும் அசையவில்லை. அவர் தலைவர் ஐயாவின் வயலிலும் கூலிக்குக் களை பிடுங்குகிறவர். அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. அன்று பேசினார். "அப்ப நீங்களே வந்து காட்டுங்க தலைவரய்யா. பாத்துக்கிட்டுச் செய்யறோம்." தலைவர் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டினார், அக்காவின் கையிலிருந்த கடகத்தை வாங்கி இடப்பக்கம் இடுக்கினார், சபைக்கு முதுகைத் திருப்பினார், எறிந்தார். மத்தள அண்ணர் அந்தக் கைவீச்சுக்கு ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார், பிறகு அவருடைய அடிக்கு ஏற்ப வாசிக்கத் தொடங்கினார். அக்கா திரும்பினார். ஒவ்வொருத்தியாக எல்லோரும் திரும்பினார்கள்.

நான் திரும்பவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்து ஓடினேன். மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். "அழாதையுங்கோ மச்சாள், நான் போய் அவரை இருத்திப்போட்டு வாறன்" என்றேன். அவர் என் கையை எட்டிப் பிடித்தார். அந்த மெலிந்த கையில் அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. "இருத்தாதையும்! விசரே உமக்கு? இந்தச் சனம் எத்தினை அரங்கேற்றம் பாத்திருக்கும், ஆராவது எழும்பிப் பிழை சொல்லியிருக்கினமோ? பிறத்தியாற்ற சாமான் எண்டா கையைக் கட்டிக்கொண்டு இருப்பினம். தங்கட சாமானிலதான் பிழை பிடிப்பினம். விடும். பிடிக்கட்டும். விடியும் மட்டும் பிடிக்கட்டும்."

மச்சாள் திரும்பிப் போகவில்லை. எட்டு வருடம் எங்களோடு இருந்து, போன வருடம் எங்கள் வீட்டிலேயே கண்ணை மூடினார். இப்போது கிளிநொச்சியிலும் ஓமந்தைப் பக்கத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். போன மாதம் ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு நானும் வாய்க்கால்கரை அக்காவும் போயிருந்தோம். நாலு பக்கமும் சுவர் அடைத்த மண்டபம், காற்று நுழைய வழியில்லை. விதைப்பு வந்ததும் பிள்ளைகள் எல்லோரும் சபைக்கு முதுகைத் திருப்பினார்கள். வெளியூரிலிருந்து வந்த பிரதம விருந்தினர், இது என்ன, முதுகைக் காட்டுகிறார்களே என்று பக்கத்திலிருந்த இளம் நடன ஆசிரியையிடம் கேட்டார். "வாடைக்கு முகம் குடுத்து விதைக்கிறேல்லை சேர். எங்கட ஆக்கள் அந்தக் காலத்திலயிருந்து இப்பிடித்தான் ஆடுறது" என்று அந்தப் பிள்ளை சொன்னது. எந்தக் காலம்? ஒன்பது வருடம்தான் ஆகிறது! மச்சாளை ஒருவருக்கும் தெரியவில்லையே என்று கோபம் வந்தது. எழும்பி அவருடைய பெயரை அந்த மண்டபத்துக்கே கேட்கச் சொல்லவேண்டும் என்று கதிரையின் கைகளைப் பிடித்தேன். வாய்க்கால்கரை அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்து, மேடையைக் காட்டினார். "அதப் பாருங்க கிளாக்கம்மா, அந்த மூணாவது புள்ளைய."

நான் பார்த்தேன். அதற்குமேல் என்னால் இருக்கமுடியவில்லை. எழும்பி நின்று, மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்: "பிள்ளை, கடகம் இடப்பக்கம்!"